எந்த நாலு பேர்?

அன்புள்ள அக்காவுக்கு,

கடைக்குட்டி எழுதுகிறேன். மூவரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் ஆசை. ஆனால் அது முக்கால்வாசிதான் உண்மை. மீதியைக் கீழே எழுதுகிறேன். பதறாமல் படி.

ஐந்து மாதமாக உன்னோடு பேசவில்லை. போனை எடுத்து உன் எண் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. காகிதம் என்றால் எழுதியது சரியில்லை என்று தோன்றினால் கிழித்துப் போடலாம். இது நாலாவது தாள்.

அன்றைக்கு நான் பேசியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அண்ணன் வீட்டை விட்டு நீ தனியாக வீடு பார்த்துவிட்டாய் என்று அண்ணி போனில் அழுதார். அழுகையைக் கேட்டதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உடனே உன்னைக் கூப்பிட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அறுபத்தோரு வயசுல தனிக்குடித்தனம் கேக்குதா உனக்கு? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? தம்பி சோறு போடலைன்னுதானே சொல்லுவாங்க?” என்று கத்தினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பேசி முடிச்சிட்டியா?” என்றாய். முடித்துவிட்டேன் என்றேன். வைத்துவிட்டாய். அதற்கு நீ திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமே எனக்கு வினை வீட்டு வாசலுக்கு வந்தது. உன் மருமகள், என் மகள், தனியாக அறை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். இருபது வயசு. கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் படிப்பு. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் ஒரு மாடி அறை. இங்கே இது சாதாரணம். இந்த வயசில் பெற்றோரோடு இருக்கிற பிள்ளையைத்தான் என்ன கஷ்டமோ என்று பார்ப்பார்கள். தெரிந்த விஷயம்தான். நம் வீட்டுக்குள் வரும்போது தெரிந்தது எல்லாம் எங்கே போகிறதோ.

அவள் அம்மா தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள், கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி. “இங்க உனக்கு என்னம்மா குறை?” என்று கேட்டேன். “குறை இருந்தாத்தான் போகணுமாப்பா?” என்றாள். பதில் இல்லாதபோது நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். குரலை உயர்த்தினேன். “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றேன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை அக்கா, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். “எந்த நாலு பேர்ப்பா?”

யோசித்துப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதே தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் பதினொரு வருஷமாக வணக்கம் சொல்கிறார், பெயர் கேட்டதில்லை. நான் லிஃப்ட் வேலை பார்க்கிற பட்டறையில் ஏழு பேர், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். நாலு விரலை மடக்கப் பார்த்தேன், ஒன்றுகூட மடங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

இந்த ஊரைப் பற்றி நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. சம்பளம், குளிர், சாப்பாடு என்று மூன்று விஷயத்தோடு நிறுத்திக்கொள்வேன். உண்மையில் இங்கே என்னை இத்தனை வருஷமாகப் படுத்துகிற விஷயம் வேறு. எதற்கெடுத்தாலும், “உனக்கு எப்படி வேணும்?” என்று கேட்பார்கள். ரொட்டிக் கடையில் ஒரு துண்டு ரொட்டிக்கு ஐந்து கேள்வி. எந்த மாவு, எவ்வளவு தடிமன், வாட்டவா வேண்டாமா? வந்த புதிதில், கொடுக்கிறதைக் கொடுங்களேன் என்றுதான் நினைப்பேன். எங்கள் பட்டறையில் ஒரே ஒரு குளிர்பெட்டி. அதில் ஏழு பேருக்கு ஏழு பால் குப்பி, ஒவ்வொன்றிலும் பெயர். முதல் வாரம் தெரியாமல் ஒருவனுடைய பாலை என் டீயில் ஊற்றிவிட்டேன். மறுநாள் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: பிறருடைய பாலைத் தொட வேண்டாம். பெயர் போடவில்லை, மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அந்தப் பால்காரன்தான் பிறகு என் கூட்டாளி ஆனான். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் ஜோடியாகத்தான் போவோம். ஒருநாள் ஒரு மோட்டாரை மூன்று மாடி தூக்க வேண்டியிருந்தது. “கை கொடுக்கவா?” என்றான். வேண்டாம் என்றேன். நம் பக்கம் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேள் என்றுதானே அர்த்தம்? அவன், “சரி” என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். ஒரு வாரம் இடுப்பு நிமிரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று உனக்கு எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். ஆனால் கூப்பிட்டால் வராமல் இருந்ததில்லை. கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கூப்பிட வராது.

மகள் ஆறு வயசில் இருந்தபோது டீச்சர் எங்களை வரச் சொன்னார். என்ன தப்பு செய்தாளோ என்று இரண்டு பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனோம். விஷயம் இதுதான்: உனக்குப் பிடித்த நிறம் எது என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். இவள், “அப்பாவுக்கு நீலம் பிடிக்கும்” என்று சொல்லியிருக்கிறாள். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில். டீச்சர் கவலையோடு என்னைப் பார்க்கிறார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வருகிற வழியெல்லாம் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

சரி, மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மகள் போன மூன்றாவது வாரம் எனக்கு இடது கையில் அடிபட்டது. ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கதவு உருளையில் கை மாட்டிக்கொண்டது. தவறு என்னுடையதுதான், அவசரப்பட்டேன். இரண்டு விரல் நசுங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே அடிபட்டதால் கூட்டிக்கொண்டு போகிற சிரமமும் இல்லை, நாலு மாடி இறக்கினார்கள், அதுவும் படியில். லிஃப்டைத்தான் நான் நிறுத்தி வைத்திருந்தேனே.

அங்கேயும் கேள்வி. யாருக்குச் சொல்லணும் என்று நர்ஸ் கேட்டார். எல்லாருக்கும் என்றேன். “ஒருத்தர் பேர் சொல்லுங்க. யாருக்குச் சொல்லக் கூடாதுன்னும் சொல்லலாம்” என்றார். சொல்லக் கூடாத ஆள் என்று ஒருவர் இருக்கலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

பிறகு டாக்டர் வந்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். கம்பி வைத்து ஆபரேஷன் செய்தால் விரல் ஓரளவு மடங்கும், ஆனால் ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது. அப்படியே விட்டால் விரல் விறைத்துப்போகும், ஆறு வாரத்தில் வேலைக்குப் போகலாம். “உங்களுக்கு எது வேணும்?” என்றார். நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர், “மன்னிக்கணும், கை அவருடையது” என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கைக்கு நான் யாருமில்லையா என்று இன்றைக்கும் கேட்கிறாள். “நீங்களே சொல்லுங்க டாக்டர்” என்றேன். “நான் சொல்ல முடியாது. சாயந்தரம் வரைக்கும் யோசிங்க” என்று போய்விட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஐம்பது வயசு அக்கா எனக்கு. நானாக எதையாவது முடிவு செய்திருக்கிறேனா என்று தேடினேன். தொழில் மாமா சொன்னது. பெண் நீ பார்த்தது. இந்த ஊர் அண்ணனுடைய சிநேகிதர் காட்டியது. குறையாகச் சொல்லவில்லை, ஒன்றும் தப்பாகப் போகவில்லை. எனக்கு முடிவெடுத்துக் கொடுக்க எப்போதும் யாராவது இருந்தார்கள், நான் அவர்களுக்கு நடுவில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். அதற்கு விலையாக யாருடைய முடிவோ போயிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்கள். உள்ளே கனமான அங்கியோடு ஒருவர் நின்றிருந்தார். “கையை இங்க வைங்க, அசையாதீங்க” என்றார். எனக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. வலி என்று நினைத்து அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

அக்கா, இதற்குத்தான் மூன்று தாள் கிழித்தேன்.

உனக்கு இருபத்தொன்பது, எனக்குப் பதினெட்டு. அப்பா இல்லை, அம்மா படுக்கை, அண்ணனுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். உங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ வேலையில் இருக்கும்போது, நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உன்னைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று அம்மாவிடம் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகும் நீ வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். அவர் போனதும் அம்மா அழுதார். “இவளும் போயிட்டா நாம என்ன பண்றது?” அண்ணன் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “அவகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம், மனசு கலங்கிடும். நீ போய் அவர்கிட்ட பதமா வேண்டாம்னு சொல்லிட்டு வா” என்று அம்மா என்னைத்தான் அனுப்பினார்.

மறுநாள் போனேன். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் எக்ஸ்ரே அறை, மறு கோடியில் நீ மருந்து கொடுக்கிற ஜன்னல். உன் முதுகு தெரிந்தது. தலையைக் குனிந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாய். இருபது எட்டு வைத்தால் உன்னிடம் கேட்டிருக்கலாம். நான் இந்தப் பக்கம் திரும்பினேன். அவர் ஈரப் படங்களைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். “அக்காவுக்கு இஷ்டமில்லை” என்றேன். கையிலிருந்த படத்தையும் மாட்டிவிட்டு, “அவங்களே சொன்னாங்களா?” என்று கேட்டார்.

ஆமா என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி தம்பி. வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். குடித்தேன். இரண்டு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அம்மா அனுப்பித்தான் போனேன் என்று முப்பத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகச் சொன்னது அம்மாதான். ஆமா என்று சொன்ன வாய் என்னுடையது. அதே வாய்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் உன்னிடம் கத்தியது. உனக்கு அப்போது விருப்பம் இருந்ததா அக்கா? இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

மற்ற சேதி. ஆபரேஷன்தான் வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். நானே சொன்னேன். வீட்டுக்காரி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் ஆகிறது, விரல் பாதி மடங்குகிறது. என் கூட்டாளி ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை, ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று மட்டும் வந்தது. பிறகு கேட்டதற்கு, “நீ கூப்பிடலையே, தூங்கணும்னு நினைச்சேன்” என்றான். மனசு வலித்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். இந்த ஊர் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே செத்துக் கிடந்தாலும் கூப்பிட்டால்தான் வருவார்கள் போல. ஆனால் போய்விட்டாள் என்று நாங்கள் அழுதோமே, அந்த மகள் தினமும் வந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. கடையிலிருந்து நேராக வந்து, எனக்குத் தலை துவட்டிவிட்டு, மூன்றாவது நிறுத்தத்துக்குப் போனாள்.

அண்ணனிடம் போன வாரம் பேசினேன். உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி இனி யாரையும் தூது அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வாக்குவாதம் ஆயிற்று. பரவாயில்லை.

அடுத்த மாதம் மூன்று வாரம் அங்கே வரலாம் என்று இருக்கிறோம். உன் வீட்டுக்கு நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. இன்னொரு தடவை கேட்க மாட்டேன், கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் ஏதாவது ஒரு பதில் எழுது, அக்கா. ஒற்றை வரி போதும்.

உன்,
கடைக்குட்டி


அன்புள்ள கடைக்குட்டிக்கு,

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கைக்காக, இரண்டாவது தரம் மற்றதற்காக. அடிபட்டதை மூன்று மாதம் மறைத்தது தப்பு. வலி போய்விட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கொடுத்ததை முடி, சாப்பிட்ட பிறகு போடு. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு தினமும் விரலை மடக்கு.

நீ கேட்காததை முதலில் எழுதுகிறேன். உன் அண்ணி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அண்ணன் மேலும் இல்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார வேண்டும் என்று ரொம்ப வருஷமாக ஆசை. அந்த வீட்டில் கதவைச் சாத்தினால், “என்ன, உடம்பு சரியில்லையா?” என்று ஆள் மாற்றி ஆள் தட்டுவார்கள். பாசத்தில்தான் தட்டுகிறார்கள். அறுபது வயசு வரைக்கும் எழுந்து எழுந்து திறந்தேன். போதும் என்று தோன்றியது. வேறு கதை இல்லை.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு அடுப்படி. முதல் வாரம் பழக்கத்தில் ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு மூன்று நாள் அதையே சாப்பிட்டேன். சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டாவது மாதம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கிடந்தேன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவளுக்கு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க முடியவில்லை. அழுதேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். காய்ச்சல் விட்டதும் கீழே இறங்கிப் போய் சைக்கிள் கடைக்காரர் மனைவியிடம் ஒரு சாவியைக் கொடுத்தேன். காலையில் எட்டு மணிக்கு மேல் கதவு திறக்கவில்லை என்றால் வந்து பாருங்கள் என்றேன். “இதை வந்த அன்னிக்கே கேட்டிருக்கலாமேம்மா” என்றார். எனக்கும் கூப்பிட வராது போலிருக்கிறது. நம் வீட்டு ரத்தம்.

அண்ணன் போன வாரம் வந்தான். ஒரு மின்விசிறி வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி அவனே மாட்டினான். காற்று வருகிறதா என்று கேட்டான். வருகிறது என்றேன். போய்விட்டான். நீ பேசிய பிறகுதான் வந்திருக்கிறான் என்று இப்போது தெரிகிறது.

இனி அந்த விஷயம். அவர் நம் வீட்டுக்கு வந்தது எனக்கு மறுநாளே தெரியும். ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு எது தெரியாது? நீ தண்ணீர் குடித்தது வரைக்கும் தெரியும். ஆமா என்று நீ சொன்னது தப்பு. உன் மனசு ஆறட்டும் என்று அதைத் தப்பில்லை என்று எழுத மாட்டேன். உனக்கு அப்போது பதினெட்டு வயசு என்பதும், அம்மா அழுதால் உன்னால் தாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் இத்தனை வருஷம் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பெண் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பாரத்தை இறக்கி வை.

ஆனால் எனக்கு விருப்பம் இருந்ததா என்று கேட்டிருக்கிறாய். அதைச் சொல்ல மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை என்று நினைக்காதே. அம்மாவுக்கும் சொல்லவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கென்று இருப்பவை கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. இருந்தது என்று நீயாக முடிவு செய்துகொண்டு என்னைப் பாவம் என்று நினைக்காதே. இல்லை என்று முடிவு செய்துகொண்டு தப்பித்துக்கொள்ளவும் செய்யாதே. தெரியாமலே இரு. அது உன்னால் முடியும்.

வா. உன் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வா. மருமகளிடம் வருகிறாயா என்று கேள், கட்டாயப்படுத்தாதே. இங்கே மூன்று பேர் படுக்க இடம் காணாது, அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு பகலில் வாருங்கள். எந்த நாளும் வரலாம், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எனக்கு வெளியில் ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று அண்ணனைப் போல நீயும் கேட்காதே.

மூன்று பேரும், அவரவர் இருக்கிற இடத்தில், நல்லபடியாக இருங்கள்.

அன்புடன்,
அக்கா